‘இது பரம்பரையா?’: மரபணு வெளிப்பாட்டுத் தரவும் மனநோய் இடரும்

மனச்சிதைவு என்று உறுதிசெய்யப்பட்ட ஒருவரின் குடும்பத்தார் மருத்துவரிடம் முதலில் கேட்பது மருந்தைப் பற்றி. இரண்டாவது கேள்வி, பெரும்பாலும் நோயாளி அறையைவிட்டு வெளியே சென்ற பிறகு, தாழ்ந்த குரலில் வருகிறது: “இது பரம்பரையா டாக்டர்? தம்பிக்கும் வருமா? பொண்ணுக்கு வரன் பார்க்கலாமா?” இந்திய மனநல மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுகளுக்கு இக்கேள்வி புதிதன்று. கேட்பவர்களின் திருமணங்கள், சொத்துப் பிரிவினைகள், உறவுகள் ஆகிய யாவும் விடையைப் பொறுத்து நிற்பதால், அதைப் பொறுப்பில்லாமல் சொல்லிவிட முடியாது.

விடையின் ஒரு பகுதி பாடநூல்களிலேயே உள்ளது. பொது மக்கள்தொகையில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சிதைவு ஏற்படுகிறது. உடன்பிறந்தவருக்கு நோய் இருந்தால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 10 மடங்கு ஆகிறது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. இரட்டையர் ஆய்வுகள் மரபுவழிப் பங்கை ஏறத்தாழ 80 விழுக்காடு என மதிப்பிடுகின்றன. இவை யாவும் எண்கள். உடலுக்குள் எது, எங்கே, எப்பொழுது மாறுவதால் இடர் கூடுகிறது என்பதை இவ்வெண்கள் சொல்வதில்லை. எண்ணிலிருந்து விளக்கத்துக்குச் செல்லும் வழியாகக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் முன்வைக்கப்படுவது மரபணு வெளிப்பாட்டுத் தரவு. அது எதை விளக்குகிறது, எதை விளக்காது, யாருடைய உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்ற மூன்றையும் பிரித்தறியாமல் இந்தியக் குடும்பங்களுக்கு மரபணு இடரைப் பற்றிப் பேசுவது அறிவியலாகாது என்பதே இப்பதிவின் வாதம்.

1. முகவரி கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை

2014 ஜூலையில் மனநோய் மரபணுத்தொகைக் கூட்டமைப்பு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு 36,989 மனச்சிதைவு நோயாளிகளையும் 1,13,075 ஒப்பீட்டாளர்களையும் உள்ளடக்கியது. நோயோடு தொடர்புடைய 108 இடங்களை மரபணுத்தொகையில் அது அடையாளம் காட்டியது. 2022இல் நோயாளிகளின் எண்ணிக்கை 76,755 ஆகவும் ஒப்பீட்டாளர்களின் எண்ணிக்கை 2,43,649 ஆகவும் உயர்ந்தபோது இடங்கள் 287 ஆயின. மனநோய்க்கு மரபணு அடிப்படையே இல்லை என்ற பழைய வாதத்துக்கும், ஒரே ஒரு ‘பைத்திய மரபணு’ இருக்கும் என்ற அதைவிடப் பழைய நம்பிக்கைக்கும் இவ்வாய்வுகள் ஒருசேர முற்றுப்புள்ளி வைத்தன. இடர் என்பது ஆயிரக்கணக்கான மாறுபாடுகளின் கூட்டுத்தொகை. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது.

ஆனால் இந்த இடங்களில் மிகப் பெரும்பாலானவை புரதங்களுக்கான குறியீட்டைத் தாங்கிய பகுதிகளில் இல்லை. மரபணுத்தொகையில் புரதக் குறியீட்டின் பங்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இடர் மாறுபாடுகள் பெரிதும் அதற்கு வெளியே, மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெளிகளிலும் அவற்றின் உள்ளிடைப் பகுதிகளிலும் காணப்படுகின்றன. அதாவது புரதத்தின் வடிவத்தை அவை மாற்றுவதில்லை. எந்த உயிரணுவில், வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில், எவ்வளவு புரதம் உருவாக வேண்டும் என்ற கட்டளையை மாற்றுகின்றன. சமையல் குறிப்பு அப்படியே இருக்கிறது. உப்பின் அளவும் அதைச் சேர்க்கும் நேரமும் மாறிவிடுகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மாறுபாடு தனக்கு மிக அருகிலுள்ள மரபணுவைத்தான் கட்டுப்படுத்தும் என்று கொள்ள முடியாது. டி.என்.ஏ. மடிந்து கிடப்பதால் தொலைவிலுள்ள மரபணுவையும் அது இயக்கக்கூடும். ஆகவே 287 இடங்கள் தெரிந்தபின்னும் 287 மரபணுக்கள் தெரிந்துவிட்டதாகப் பொருளில்லை.

2. வெளிப்பாட்டுத் தரவு செய்யும் வேலை

ஒரு மரபணு செயல்படும்போது அதன் ஆர்.என்.ஏ. படி உருவாகிறது. ஒரு திசுவில் எந்த மரபணுவின் படிகள் எத்தனை உள்ளன என்று எண்ணுவதே மரபணு வெளிப்பாட்டை அளப்பது. ஒரே மனிதரின் டி.என்.ஏ. வரிசையும் அவருடைய மூளைத் திசுவின் ஆர்.என்.ஏ. அளவும் கையில் இருந்தால், எந்த மாறுபாடு எந்த மரபணுவின் அளவைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று பல நூறு பேரிடம் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம்.

நோயாளிகளின் மூளையையும் நோயற்றோரின் மூளையையும் நேரடியாக ஒப்பிடுவது எளிய வழி. 2016இல் காமன்மைண்ட் கூட்டமைப்பு மனச்சிதைவு இருந்த 258 பேரின் முன்மூளைப் புறணியை 279 ஒப்பீட்டாளர்களின் புறணியோடு ஒப்பிட்டது. அன்று அறியப்பட்டிருந்த இடங்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டில், இடர் மாறுபாடு வெளிப்பாட்டை மாற்றுவதன் வழியாகவே செயல்படக்கூடும் என்பதற்கான சான்று கிடைத்தது. நோயாளிகளிடம் வெளிப்பாடு மாறியிருந்த மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் மாற்றத்தின் அளவு மிகச் சிறியது.

இவ்வழியில் ஒரு பெரும் இடையூறு உண்டு. இறந்த நோயாளியின் மூளை பல்லாண்டுகள் மருந்து உண்ட மூளை. புகையிலை, தனிமை, சத்துக்குறைவு, இறுதிநாள் நோய் ஆகியவற்றின் தடம் பதிந்த மூளை. அங்கே காணும் மாற்றம் நோயின் காரணமா விளைவா என்று பிரிப்பது கடினம். 2015இல் வெளிவந்த பிரெடிக்ஸ்கேன் முறையும், அதையொட்டி 2016இல் வந்த படியாக்கத்தொகைத் தொடர்பாய்வு முறையும் இவ்விடையூற்றைச் சுற்றிச் செல்ல முயன்றன. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டும் அளக்கப்பட்ட சில நூறு பேரிடமிருந்து, இன்ன வரிசை உள்ளவருக்கு இன்ன மரபணு இவ்வளவு வெளிப்படும் என்ற கணிப்புச் சூத்திரம் முதலில் உருவாக்கப்படுகிறது. பின்பு டி.என்.ஏ. மட்டுமே அளக்கப்பட்ட ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு அச்சூத்திரம் பொருத்தப்படுகிறது. பிறக்கும்போது அமைந்த டி.என்.ஏ. வரிசையை மருந்தோ நோயோ மாற்றுவதில்லை என்பதால், கணிக்கப்பட்ட வெளிப்பாட்டில் காணும் வேறுபாடு நோயின் விளைவாக இருக்க இயலாது. இம்முறையின் நுட்பம் இதில்தான் இருக்கிறது.

இத்தகைய சிந்தனையின் மிகத் தெளிவான வெற்றி சி4 மரபணு. மனச்சிதைவோடு மிக வலுவாகத் தொடர்புபட்ட பகுதி, நோயெதிர்ப்பு மரபணுக்கள் நெருக்கமாகக் குவிந்த ஆறாம் குரோமோசோமில் இருப்பது 2009 முதலே தெரியும். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் உள்ள அப்பகுதியில் குற்றவாளி யார் என்பது தெரியவில்லை. 2016இல் ஸ்டீவன் மெக்கரோல் குழு, சி4 மரபணு ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு எண்ணிக்கையிலும் வடிவிலும் இருப்பதையும், அவ்வமைப்பைப் பொறுத்து மூளையில் சி4ஏ-யின் வெளிப்பாடு கூடிக்குறைவதையும், அது கூடக்கூட நோயிடரும் கூடுவதையும் காட்டியது. எலிகளில் சி4, வளர்பருவத்தில் நரம்பணுக்களுக்கிடையிலான தேவையற்ற இணைப்புகளைக் கத்தரிக்கும் பணியில் பங்குபெறுகிறது. இளமைப் பருவத்தில் இக்கத்தரிப்பு மிகையாவது நோய்க்கு ஒரு வழியாகலாம் என்ற கருதுகோளுக்கு முதன்முறையாக மூலக்கூற்று அடிப்படை கிடைத்தது. இருந்தாலும் சி4 நோயைத் தீர்மானிப்பதில்லை. இடரைச் சிறிதளவு உயர்த்துகிறது. வெளிப்பாட்டுத் தரவு அளித்தது ஒரு நோயாளியைப் பற்றிய தீர்ப்பு அன்று, ஒரு நிகழ்முறையைப் பற்றிய விளக்கம்.

3. சென்னையிலிருந்து ஒரு சான்று

2019இல் ‘ஜாமா சைக்கியாட்ரி’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்திய மாணவர்கள் கட்டாயம் கற்க வேண்டிய ஒன்று. சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களோடு இணைந்து 2001 முதல் 2018 வரை சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் திரட்டிய 3,092 பேரின் மாதிரிகள் அதன் அடிப்படை. அவர்களுள் 1,321 பேர் மனச்சிதைவு உள்ளவர்கள்; எஞ்சியோர் குடும்பத்தினரும் உறவற்ற ஒப்பீட்டாளர்களும்.

எட்டாம் குரோமோசோமில் அதுவரை அறியப்படாத ஓர் இடம் நோயோடு தொடர்புபட்டது. அங்குள்ள மாறுபாடு என்ஏபிஆர்டி1 என்ற மரபணுவின் வெளிப்பாட்டை மாற்றுகிறது. நியாசின் என்னும் பி3 உயிர்ச்சத்தை உடல் பயன்படுத்துவதற்கான நொதி ஒன்றை அம்மரபணு உருவாக்குகிறது. இடர் வடிவம் உள்ள இந்தியர்களின் இரத்தத்திலிருந்து வளர்க்கப்பட்ட உயிரணுக்களில் அம்மரபணுவின் வெளிப்பாடு குறைந்திருந்தது. அதன் செயற்பாட்டைப் பகுதியளவு குறைத்தபோது வரிக்குதிரை மீன்களின் மூளை வளர்ச்சி பிறழ்வதாக முதற்கட்டத் தரவு காட்டியது. இடம், மரபணு, வெளிப்பாடு, உயிரியல் விளைவு ஆகிய நான்கும் ஒரே கட்டுரையில் ஒரு கோவையாக வந்தன.

அதே ஆய்வை இன்னொரு கோணத்திலும் படிக்க வேண்டும். அந்த மாறுபாட்டின் இடர் வடிவம் இந்தியாவில் ஏறத்தாழ 72 விழுக்காடு. ஐரோப்பாவில் ஏறத்தாழ 43 விழுக்காடு. ஒருவருக்கு இரண்டு படிகள் என்பதால், எளிய நிகழ்தகவுக் கணக்குப்படி இந்தியர்களில் பத்தில் ஒன்பது பேரிடம் குறைந்தது ஒரு படியாவது இருக்கும். நோயோ நூற்றில் ஒருவருக்கு. இதைச் சோதித்து ‘உங்களிடம் இடர் மரபணு இருக்கிறது’ என்று ஒருவரிடம் சொன்னால், அவரைப் பற்றி ஏறத்தாழ எதுவுமே சொல்லப்படவில்லை. வாய்ப்பு விகிதம் சென்னை மாதிரியில் 1.27, பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரைக் கொண்ட கூட்டமைப்பின் தரவில் 1.04. முதல் கண்டுபிடிப்பில் விளைவு மிகையாகத் தெரிவது புள்ளியியலில் அறியப்பட்ட இயல்பு. சென்னை முடிவு இத்தகைய ஆய்வுகளுக்கென வகுக்கப்பட்ட கடும் வரம்பை நெருக்கமாகவே கடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இடைவெளியின் ஒரு பகுதிக்கு அது காரணமாக இருக்கலாம். உணவு, சூழல், அண்டை மாறுபாடுகளின் அமைப்பு ஆகியவையும் காரணமாகலாம். எது எவ்வளவு என்று பிரிப்பதற்குத் தேவையான தரவுதான் இல்லை.

இல்லாத அந்தத் தரவு எது? மூளைப் புறணியில் அம்மரபணுவின் வெளிப்பாடு மாறுகிறது என்பதற்கான சான்று அமெரிக்காவின் ஜிடெக்ஸ் திட்டத்திலிருந்து பெறப்பட்டது. அத்திட்டத்தின் 2020ஆம் ஆண்டு இறுதித் தொகுப்பில் 838 கொடையாளர்களின் 49 திசு வகைகள் உள்ளன. கொடையாளர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர்; ஆசிய வம்சாவளியினர் நூற்றில் ஓரிருவர். இந்திய உடலிலிருந்து வந்த வெளிப்பாட்டுச் சான்று, நாற்பதுக்கும் குறைவானோரின் இரத்த உயிரணுக்களிலிருந்து பெறப்பட்டது. 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் மூளையைப் பற்றிய ஒரு கேள்விக்குக் கிடைத்த உள்ளூர்ச் சான்று அவ்வளவுதான். ஆய்வாளர்களின் குறை அன்று அது. அவர்கள் கைநீட்டி எடுத்துக்கொள்ள இங்கே ஒரு தரவுக் களஞ்சியம் இல்லை.

4. கருவியின் எல்லைகள்

மரபணு வெளிப்பாடு எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்ற உற்சாகம் ஆய்வு மாணவர்களிடையே மிகுதி. சில எல்லைகளை அவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது, தொடர்பு என்பது காரணம் ஆகாது என்ற பழைய பாடம் இங்கேயும் பொருந்தும். ஒரே மாறுபாடு அருகருகே உள்ள மூன்று மரபணுக்களின் அளவை மாற்றலாம். அவற்றுள் ஒன்றே நோயோடு தொடர்புடையதாக இருந்தாலும் கணக்கீட்டில் மூன்றும் மேலெழும். படியாக்கத்தொகைத் தொடர்பாய்வின் பட்டியலில் முதலிடம் பெற்ற மரபணுவையே காரணம் என்று எழுதும் ஆய்வேடுகள் இதனால் வழி தவறுகின்றன.

இரண்டாவது, காலம். மனச்சிதைவு பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் வெளிப்பட்டாலும், அதன் வேர் மூளை வளர்ச்சியின் தொடக்கத்திலேயே இருக்கலாம் என்ற கருத்து 1987இல் டேனியல் வைன்பெர்கர் எழுதிய கட்டுரை முதல் வலுப்பெற்று வருகிறது. கருவில் சில வாரங்கள் மட்டும் செயல்பட்டு அடங்கிவிடும் ஒரு மரபணுவின் கதையை அறுபது வயதில் இறந்தவரின் மூளை எப்படிச் சொல்லும்?

மூன்றாவது, உயிரணு. அரைத்த மூளைத் திசுவில் நரம்பணுக்களும் துணையணுக்களும் இரத்தக்குழாய் அணுக்களும் கலந்துவிடுகின்றன. ஒரு வகை அணுவில் கூடியதும் இன்னொரு வகையில் குறைந்ததும் சேர்ந்து, மாற்றமே இல்லாததுபோல் தோன்றலாம். 2024இல் சைக்என்கோட் கூட்டமைப்பு 388 பேரின் மூளைகளிலிருந்து 28 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிரணுக் கருக்களைத் தனித்தனியே அளந்து வெளியிட்டது இக்குறையைப் போக்கும் முயற்சியே.

நான்காவது, அளவு. 42 நோய்களையும் உடற்பண்புகளையும் ஆராய்ந்து 2020இல் வெளிவந்த கணக்கீட்டின்படி, மரபுவழிப் பங்கில் அன்றைய வெளிப்பாட்டுத் தரவின் வழியாக விளக்கப்படக்கூடியது சராசரியாக ஏறத்தாழ 11 விழுக்காடுதான். வெளிப்பாடு முக்கியமன்று என்பது இதன் பொருளன்று. சரியான அணுவில், சரியான காலத்தில், போதிய மனிதர்களிடம் அது இன்னும் அளக்கப்படவில்லை என்பதே பெரும்பாலோர் கொள்ளும் பொருள்.

5. எதிர்வாதத்தின் வலிமை

இந்தியாவுக்கெனத் தனித் தரவு தேவையா என்று கேட்பவர்களிடம் வலுவான சான்று உண்டு. 2019இல் கிழக்காசிய மக்களிடம் நடந்த பெரும் ஆய்வு, மனச்சிதைவின் மரபணு அடிப்படை அவர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்று காட்டியது. இரண்டுக்குமான மரபணு ஒப்புமைக் கெழு 0.98. மூளையும் இரத்தமும்கூட அவ்வளவு அந்நியமல்ல: அருகிலுள்ள மாறுபாடுகள் மரபணு வெளிப்பாட்டில் ஏற்படுத்தும் விளைவு இவ்விரு திசுக்களிலும் 0.7 அளவுக்கு ஒத்திருப்பதாக 2018இன் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மனித உயிரியல் ஒன்றே என்றால் ஏன் இங்கே மீண்டும் கோடிகளைச் செலவிட வேண்டும்? தேசிய மனநல ஆய்வு 2015–16இன்படி வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் மனநலக் கோளாறுகளோடு வாழ்கின்றனர். கோளாறின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறுவதில்லை. இந்நிலையில் ஆர்.என்.ஏ. எண்ணுவது ஆடம்பரம் இல்லையா?

முதல் பாதிக்கான விடை அதே கிழக்காசிய ஆய்வில் இருக்கிறது. ஐரோப்பியர்களிடம் மிக வலுவான சமிக்ஞையாக இருந்த ஆறாம் குரோமோசோமின் நோயெதிர்ப்புப் பகுதி, கிழக்காசியர்களிடம் முக்கியத்துவ வரம்பை எட்டவில்லை. உயிரியல் ஒன்றாக இருந்தாலும் மாறுபாடுகளின் பரவலும் அவை ஒன்றோடொன்று பிணைந்து கடத்தப்படும் முறையும் மக்களுக்கு மக்கள் வேறுபடுகின்றன. கணிப்புச் சூத்திரங்கள் நேரடியாக உயிரியலைப் படிப்பதில்லை, அப்பிணைப்பைத்தான் படிக்கின்றன. ஆகவே ஒரு மக்கள்தொகையில் உருவான சூத்திரம் இன்னொன்றில் தடுமாறுகிறது. 2019இல் வெளிவந்த ஒரு கணக்குப்படி உலகின் மரபணுத்தொகைத் தொடர்பாய்வுகளில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர். அதன் விளைவாக இடர் எண்களின் துல்லியம் தெற்காசியர்களிடமும் கிழக்காசியர்களிடமும் குறைகிறது. ஆப்பிரிக்கர்களிடம் மிகவும் குறைகிறது.

இரண்டாம் பாதிக்கான விடை கடினமானது. ஒரு படுக்கைக்கான பணத்தை எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுக்கச் சொல்வது நியாயமாகாது. ஆனால் இந்தியா ஆய்வு செய்யாமலிருந்தால் மரபணு இடர் என்ற பேச்சு இந்தியாவுக்குள் வராமல் இருந்துவிடாது. எச்சில் மாதிரியை அஞ்சலில் வாங்கி மரபணு அறிக்கை அனுப்பும் வணிகம் இங்கே ஏற்கெனவே நடக்கிறது. அமெரிக்காவில் செயற்கைக் கருத்தரிப்பின் கருக்களை மனச்சிதைவு இடர் எண்ணைக் கொண்டு தரம்பிரிக்கும் சேவை விற்பனையில் உள்ளது. வரன் தேடும்போது ஜாதகத்தோடு குடும்பத்தில் ‘சித்தப் பிரமை’ உண்டா என்றும் விசாரிக்கும் சமூகத்தில், பிறர் உடலில் அளந்து செய்த ஓர் எண் என்னவாகப் பயன்படும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. தவறான எண்ணை மறுக்கவும் உள்ளூர்த் தரவு வேண்டும்.

6. பெல்லாக்ரா கற்றுத்தரும் பாடம்

நியாசின் மரபணு பற்றிய சென்னை ஆய்வு, பழைய வரலாறு ஒன்றை நினைவூட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெல்லாக்ரா பரவியது. தோல் கருகி, வயிறு கலங்கி, இறுதியில் சித்தம் பேதலிக்கும் நோய் அது. மனநோய்க் காப்பகங்கள் அந்நோயாளிகளால் நிரம்பின. குடும்பம் குடும்பமாக அது வருவதைக் கண்ட சார்லஸ் டேவன்போர்ட் என்ற மரபியலாளர், 1916இல் அதற்குப் பரம்பரைக் காரணம் கற்பித்தார். அதே ஆண்டுகளில் ஜோசஃப் கோல்ட்பெர்கர் அனாதை இல்லங்களிலும் காப்பகங்களிலும் உணவை மாற்றிக் காட்டினார், நோய் மறைந்தது. குடும்பங்கள் பகிர்ந்துகொண்டது குருதியை மட்டுமன்று, வறுமையையும் சோளக் கஞ்சியையும். குறைந்திருந்த சத்து நியாசின் என்பது 1937இல் உறுதியாயிற்று. தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடமும் பெல்லாக்ரா காணப்பட்டது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் சி. கோபாலனும் உடனிருந்தோரும் அதை ஆராய்ந்தனர்.

மனச்சிதைவும் பெல்லாக்ராவும் ஒன்றல்ல. மனச்சிதைவில் மரபணுவின் பங்கு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. நியாசின் மாத்திரை அதற்கு மருந்தென்று யாரும் இதிலிருந்து முடிவுகட்டலாகாது. ஆனால் குடும்பத்தில் தொடர்கிறது என்பதிலிருந்து நேரே விதி என்ற முடிவுக்குத் தாவுவது எவ்வளவு பெரிய பிழையாகலாம் என்பதை அவ்வரலாறு காட்டுகிறது. மரபணு வெளிப்பாட்டுத் தரவின் அடிப்படை மதிப்பு இங்கேதான். டி.என்.ஏ. வரிசை பிறப்பில் நிலைத்துவிடுகிறது. வெளிப்பாடோ உணவு, நோய்த்தொற்று, மன அழுத்தம், மருந்து ஆகிய அனைத்துக்கும் வளைந்துகொடுக்கிறது. மரபும் சூழலும் சந்திக்கும் இடத்தை அளவிட அது ஒரு வாய்ப்பு. அச்சூழல் இந்தியச் சூழலாக இருக்கும்போது, அமெரிக்கக் கொடையாளர்களின் திசு மட்டும் போதாது.

7. செய்யக்கூடியவை

தொடக்கப் புள்ளிகள் இந்நாட்டிலேயே உள்ளன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனித மூளைத் திசுக் களஞ்சியத்தை 1995இல் நிறுவியது. அதே நிறுவனமும் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இன்ஸ்டெமும் இணைந்து, ஒன்றுக்கு மேற்பட்டோர் கடும் மனநோயால் பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து தண்டணுக்களை உருவாக்கி ஆய்வகத்தில் நரம்பணுக்களாக வளர்க்கின்றன. கருக்கால மூளையின் சில நிகழ்வுகளைப் பார்க்க அதைவிட்டால் வேறு வழிகள் குறைவு. ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 மரபணுத்தொகை வரிசைகள் 2025 ஜனவரியில் ஃபரீதாபாத்தின் இந்திய உயிரியல் தரவு மையத்தின் வழியே ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. இவை மூன்றும் தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன. வரிசை அறியப்பட்டவர்களின் இரத்த ஆர்.என்.ஏ.-வை அளப்பது, களஞ்சிய மூளைகளை உயிரணு வாரியாக அளப்பது, குடும்ப நரம்பணுக்களை அவ்வளவீடுகளோடு இணைப்பது ஆகிய மூன்றும் ஒரே திட்டமாக வகுக்கப்பட்டால் இந்திய மக்களுக்கான முதல் வெளிப்பாட்டு அட்டவணை உருவாகும்.

மூளைக்கொடை என்பது இறப்பு நடந்த சில மணி நேரத்துக்குள் துயரத்தில் இருக்கும் குடும்பத்திடம் கேட்கப்படும் கேள்வி. தாமதமாக ஆக ஆர்.என்.ஏ. சிதையும் என்பது அறிவியலின் அவசரம். அந்த அவசரத்தை அவர்கள்மேல் சுமத்த எவருக்கும் உரிமை இல்லை. வாழும்போதே, தெளிவான மனநிலையில், தாய்மொழியில் பெறப்படும் ஒப்புதல் அதன் அடிப்படையாக வேண்டும். கண்தானம் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் இயக்கமாக வளர்ந்ததைப் போல இதுவும் வளர முடியும்.

சட்டமும் உடன்வர வேண்டும். மரபணுத் தகவலின் அடிப்படையில் மருத்துவக் காப்பீட்டிலும் வேலைவாய்ப்பிலும் பாகுபாடு காட்டுவதை அமெரிக்கா 2008இல் தனிச் சட்டத்தால் தடைசெய்தது. இந்தியாவில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு காப்பீட்டு வழக்கில் ‘மரபணுக் கோளாறு’ என்ற பொத்தாம்பொதுவான விலக்கைப் பாகுபாடு என்று கண்டித்தது. ஒரு தீர்ப்பு சட்டத்துக்கு ஈடாகாது. பாதுகாப்பு இல்லாத இடத்தில் கொடையாளரிடம் நம்பிக்கையை எதிர்பார்ப்பது முறையன்று.

பல்கலைக்கழகத் துறைகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வெளிநாட்டுத் தரவைத் தரவிறக்கி, ஒரு மென்பொருளில் ஓட்டி, வந்த பட்டியலை ஆய்வேடாக்குவது இன்று எளிது. அத்தரவு யாருடையது, எந்த வயதினருடையது, எந்தத் திசுவுடையது என்ற மூன்று வரிகளை முறையியல் இயலின் தொடக்கத்திலேயே எழுதச் செய்வது ஒரு சிறிய வழக்கம்தான். ஆனால் அம்மூன்று வரிகளை எழுதும் மாணவர், முடிவுரையில் ‘இந்தியர்களில்’ என்ற சொல்லை எழுதுவதற்கு முன் ஒரு கணம் நின்று யோசிப்பார்.

தாழ்ந்த குரலில் கேட்ட அந்தக் குடும்பத்துக்கு இன்று நேர்மையாகச் சொல்லக்கூடியது இதுதான்: மரபின் பங்கு உண்டு, ஆனால் அது விதியன்று, தம்பிக்கு வராமலிருக்கும் வாய்ப்பே மிகப் பெரியது, எந்த மரபணுச் சோதனையும் அவருடைய எதிர்காலத்தை இன்று சொல்லாது, தொடக்கத்திலேயே கண்டறிந்தால் சிகிச்சை உதவும். இவ்வளவும் சொல்ல ஏற்கெனவே உள்ள அறிவு போதும். ‘ஏன் எங்கள் பிள்ளைக்கு?’ என்ற அடுத்த கேள்விக்குத்தான் மரபணு வெளிப்பாட்டு ஆய்வு விடை தேடுகிறது. அவ்விடை அவர்களைப் போன்றவர்களின் உடலிலும், அவர்கள் உண்ணும் உணவிலும், அவர்கள் வாழும் வாழ்விலும் தேடப்படும்வரை, வேறெங்கோ அளந்த எண்ணை அவர்கள் தலையில் ஏற்றாமலிருப்பதே ஆய்வாளரின் முதல் கடமை.